ருஷ்ய மன்னர்களும் நம் துறைமுகமும்

திருகோணமலைக் குடாவைச் சுற்றி வாழும் நமக்குத் துறைமுகம் ஓர் அதிசயமாகத் தோன்றுவதில்லை. பிறந்த நாள் முதல் அது கண்முன்னே கிடக்கிறது. கண்டி வீதியால் பட்டினத்துக்கு வரும்போது வழியிலுள்ள ஓர் ஊருக்குக் கப்பல்துறை என்றே பெயர் வழங்குகிறது. ஆழமான நீர், குன்றுகளின் மறைப்பு, மார்கழி மழையிலும் கப்பல் பத்திரமாக நிற்கக்கூடிய உட்கடல் ஆகிய யாவும் நமக்கு இறைவன் இலவசமாகத் தந்தவை. இப்படியொரு துறை தமக்கு வாய்க்கவில்லையே என்று ஏங்கி, இருநூறு ஆண்டுகளாகப் போருக்குமேல் போர் செய்த மன்னர்களும் உலகில் இருந்தார்கள். அவர்களே ருஷ்ய மன்னர்கள்.

பனி உறையும் அந்தத் தூர தேசத்தின் சரித்திரம் நமக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த மன்னர்களை வரிசைப்படுத்தி ஆண்டு ஆண்டாகச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதைப் பாடப்புத்தகம் செய்யும். அவர்களுள் சிலருடைய செயல்கள் நம் கடலையும், நம் பிள்ளைகள் படித்த பாடசாலைகளையும் எட்டியிருக்கின்றன. அவர்களைப்பற்றி மட்டும் பார்ப்போம். பார்க்கும்போது ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மன்னர் நமக்கு நன்மை செய்தார் என்பதற்காக அவரை நல்ல மன்னர் என்று சொல்லிவிடலாமா?

தச்சுவேலை பழகிய மன்னர்

ருஷ்யா நிலத்தால் மிகப் பெரியது. ஆனால் பதினேழாம் நூற்றாண்டில் அதற்குக் கடல்வழி அனேகமாக இல்லை என்றே சொல்லவேண்டும். வடக்கே ஆர்க்காங்கெல் என்ற துறை இருந்தது. ஆண்டில் பாதி நாள் அது பனிக்கட்டியாகக் கிடக்கும். மேற்கே பால்டிக் கடற்கரை சுவீடன் தேசத்தார் கையில். தெற்கே கருங்கடல் துருக்கியர் கையில். வீடு பெரிது, வாசல் இல்லை என்ற கதை.

இந்த வாசலைத் திறப்பதையே தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் மகா பீற்றர் என்று அழைக்கப்படும் முதலாம் பீற்றர். 1672இல் பிறந்தார், பத்து வயதில் அரசுக்கட்டில் ஏறினார். அவர் பிறந்த அதே 1672ஆம் ஆண்டில்தான் பிரெஞ்சுத் தளபதி தெ லா ஹே கப்பற்படையோடு நம் குடாவுக்குள் வந்து, திருகோணமலையைப் பிடிக்க முயன்று, ஒல்லாந்தரிடம் தோற்றுப் போனார்.

ஒல்லாந்தரோடு பீற்றருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1697இல் அவர் தம் சொந்தப் பெயரை மறைத்து, பீற்றர் மிகாயிலொவ் என்ற சாதாரண மனிதராக மேற்கு நாடுகளுக்குப் பயணமானார். அம்ஸ்ரர்டாம் நகரிலே ஒரு கப்பல் கட்டும் தளத்தில் சேர்ந்து, கையில் கோடாரியும் உளியும் பிடித்து நாலு மாதத்துக்கு மேல் தச்சுவேலை பழகினார். ஒரு போர்க்கப்பலைக் கட்டுவதில் தாமும் பங்குகொண்டு, தேர்ந்த கப்பல் தச்சன் என்று நற்சாட்சிப் பத்திரமும் பெற்றார். அந்தத் தளம் யாருடையது தெரியுமா? ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியுடையது. அதாவது, அன்று நம் திருகோணமலைக் கோட்டையில் கொடியேற்றி உட்கார்ந்திருந்த அதே கம்பனி. இலங்கையின் கறுவாவும் யானையும் ஏற்றிப்போன கப்பல்கள் அக்கம்பனியின் கப்பல்களே. ருஷ்ய மன்னர் கடல்தொழில் படித்த பள்ளிக்கூடத்துக்கு நம் நாடும் கட்டணம் கட்டியிருக்கிறது என்று சொன்னால் பிழையில்லை.

ஊர் திரும்பிய பீற்றர் சும்மா இருக்கவில்லை. பிரபுக்களின் தாடியைச் சிரைக்கச் சொன்னார். மறுத்தவருக்கு வரி விதித்தார். 1703இல் சுவீடன் தேசத்தாரிடம் பிடித்த சதுப்புநிலத்தில் ஒரு புது நகரத்துக்கு அத்திவாரமிட்டு, புனித பேதுருவின் பெயரைச் சூட்டினார். பின்னர் அதையே தலைநகராக்கினார். அந்தச் சேற்றில் கல்லும் மரமும் சுமக்கத் தூர ஊர்களிலிருந்து கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட குடியானவர்கள் நோயாலும் பசியாலும் ஆயிரமாயிரமாய் மாண்டார்கள். 1709இல் பொல்தாவா என்னுமிடத்தில் சுவீடன் படையை முறியடித்தார். 1721இல் பால்டிக் கரை சட்டப்படி ருஷ்யாவுக்குச் சொந்தமாயிற்று; பீற்றரும் பேரரசர் என்ற பட்டம் சூட்டிக்கொண்டார்.

சமய விஷயத்தில் அவர் செய்ததைக் கவனியுங்கள். ஓர்தொடொக்ஸ் சபையின் தலைவரான பிதாப்பிதா 1700இல் இறந்தபோது, அந்த இடத்துக்கு வேறொருவரை அவர் நியமிக்க விடவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, பிதாப்பிதாவுக்குப் பதிலாக அரசாங்க இலாகா போன்ற ஒரு சபையை அமைத்தார். கோயிலும் கந்தோரும் ஒன்றாயின. அன்று முதல் சார் ஆட்சி ஒழியும்வரை ருஷ்யத் திருச்சபை அரசனின் கைக்குள் இருந்தது. யேசு சபைக் குருக்களை 1719இல் நாட்டைவிட்டே துரத்தினார். தம் சொந்த மகன் அலெக்சி தம் சீர்திருத்தங்களை எதிர்த்தான் என்று சிறையில் அடைத்தார். 1718இல் சித்திரவதைக்குப்பின் அவன் அங்கேயே இறந்தான். மகா என்ற அடைமொழியைச் சரித்திர ஆசிரியர்கள் கொடுக்கும்போது இவற்றையும் கணக்கில் எடுத்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஜெர்மனியிலிருந்து வந்த மருமகள்

பீற்றருக்குப்பின் வந்தவர்களுள் நம் கதைக்கு முக்கியமானவர் இரண்டாம் கத்தரீன். இவர் ருஷ்யப் பெண்ணே அல்லர். 1729இல் ஒரு சிறு ஜெர்மன் அரச குடும்பத்தில் பிறந்தவர்; லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். பதினைந்தாம் வயதில் ருஷ்ய இளவரசருக்குப் பேசிக் கொண்டுவரப்பட்டார். வந்த இடத்தில் மொழியைப் படித்தார், மதம் மாறினார், பெயரையும் மாற்றிக்கொண்டார். 1762இல் கணவர் அரசராகி ஆறு மாதம் முடிந்ததும், காவற்படையின் துணையோடு அவரைக் கவிழ்த்துவிட்டுத் தாமே அரியணை ஏறினார். சில நாளில் கணவர் கொல்லப்பட்டார். அதன்பின் முப்பத்துநாலு ஆண்டுகள் ஆண்டார்.

பிரான்சின் தத்துவ ஞானிகளோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். சட்டத்தின்முன் யாவரும் சமம், சித்திரவதை கூடாது என்றெல்லாம் 1767இல் ஓர் அறிவுறுத்தல் நூலே எழுதி வெளியிட்டார். ஐரோப்பா கைதட்டியது. அதே 1767இல், பண்ணையடிமைகள் தம் எசமானுக்கு எதிராக அரசியிடம் முறையிடுவதே குற்றம் என்று ஓர் ஆணையும் பிறந்தது. முறையிட்டவனுக்குச் சவுக்கடியும் சைபீரியாவும். 1773இல் புகாச்சொவ் என்ற கொசாக்கியன் தலைமையில் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1775இல் மொஸ்கோவில் அவன் தலை வெட்டப்பட்டது.

கடல்வாசலை அகலத் திறந்தவரும் இவரே. 1783இல் கிரிமியாவைத் தம் இராச்சியத்தோடு சேர்த்து, கருங்கடலில் செவஸ்தபோல் என்ற கடற்படைத் துறையை நிறுவினார். நம் துறைமுகமும் அக்காலத்தில் கைமாறிக்கொண்டேயிருந்தது. 1782 சனவரியில் ஆங்கிலத் தளபதி ஹியூஸ் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பறித்தார். ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். பின்பு சமாதான உடன்படிக்கையால் மறுபடி ஒல்லாந்தர் கைக்கு வந்தது. 1795இல் ஆங்கிலேயர் திரும்பவும் வந்து நிலையாக உட்கார்ந்தனர். இத்தனை கொடிமாற்றத்திலும் இங்கே வலை வீசியவரை எவரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

பொலொட்ஸ்க் நகரில் நடந்தது

இனி வருவதே கட்டுரையின் நடுப்பகுதி. சற்று நிதானமாக வாசியுங்கள்.

புனித லொயோலா இஞ்ஞாசியார் தொடங்கிய யேசு சபை நம் தமிழ் மக்களுக்குப் புதிதன்று. சவேரியார், நொபிலி, அருளானந்தர், வீரமாமுனிவர் எல்லாரும் அச்சபையாரே. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் அச்சபைக்குப் பெரும் புயல் அடித்தது. கத்தோலிக்க அரசர்களே அதற்கு எதிரிகளாயினர். 1759இல் போர்த்துக்கல், 1764இல் பிரான்ஸ், 1767இல் ஸ்பெயின் என்று ஒன்றன்பின் ஒன்றாக அச்சபையை ஒழித்தன. அதோடு நில்லாமல், உலகம் முழுவதுமே சபையைக் கலைக்கவேண்டும் என்று பாப்பரசரை நெருக்கினர். 1773 யூலை 21ஆம் நாள் பதினான்காம் கிளெமெந்து பாப்பரசர் கலைப்பு ஆணையில் ஒப்பமிட்டார். இருபதாயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டிருந்த சபை ஒரு கடதாசியால் இல்லாமற் போயிற்று. அதன் தலைவர் ரிச்சி சுவாமியார் ரோமாபுரியிலே கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டு, 1775இல் அங்கேயே உயிர்விட்டார். நம் பக்கத்து மதுரை மிசனும் மேய்ப்பரின்றி வாடியது.

ஆனால் அந்த ஆணை ஒரு விதத்தில் எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு நாட்டிலும் அது முறைப்படி அறிவிக்கப்பட்ட பின்னரே அங்குள்ள சபைக் குழுமங்களைக் கட்டுப்படுத்தும். இதற்கு முந்திய ஆண்டுதான், 1772இல், கத்தரீன் அரசி பிரஷ்யாவோடும் ஒஸ்திரியாவோடும் சேர்ந்து போலந்து நாட்டைத் துண்டுபோட்டுத் தம் பங்கை எடுத்திருந்தார். அப்பங்கிலே பொலொட்ஸ்க், வித்தெப்ஸ்க் முதலிய நகரங்களும், பெருந்தொகையான கத்தோலிக்கரும், ஏறத்தாழ இருநூறு யேசு சபையாரும் அவர்களுடைய கல்லூரிகளும் இருந்தன. அரசி என்ன செய்தார்? பாப்பரசரின் ஆணையைத் தம் நாட்டில் யாரும் அறிவிக்கக்கூடாது என்று உத்தரவிட்டார். அறிவிக்கப்படாத ஆணை அங்கே செல்லாது. ஆகவே உலகமெங்கும் அணைந்த விளக்கு பொலொட்ஸ்கில் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

கத்தரீன் பக்தியால் இதைச் செய்யவில்லை. அவருக்குப் பாடசாலைகள் வேண்டியிருந்தன. புதிதாகப் பிடித்த நாட்டில் கற்றவர்கள் அமைதியாக இருக்கவேண்டியிருந்தது. என் நாட்டில் எது செல்லும், எது செல்லாது என்பதை ரோமாபுரி தீர்மானிக்கக்கூடாது என்ற செருக்கும் இருந்தது. யேசு சபையாரைத் துரத்தியவர் அவர் பெரிதும் போற்றிய பீற்றர் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

அந்தக் குருக்களின் நிலையை எண்ணும்போது மனம் கனக்கிறது. பாப்பரசருக்குக் கீழ்ப்படிவதாகத் தனி வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் அவர்கள். பாப்பரசரோ சபை வேண்டாம் என்கிறார்; கத்தோலிக்கரல்லாத ஓர் அரசி இரு என்கிறார். எது கீழ்ப்படிதல்? அவர்களின் தலைவர் செர்னியேவிச் சுவாமியார் ரோமாபுரிக்கு எழுதிக் கேட்டார். வந்த பதில் ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. கண்டிக்காமல் விட்டதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு அவர்கள் தொடர்ந்தனர். 1780இல் பொலொட்ஸ்கில் நவதுறவியர் இல்லம் திறக்கப்பட்டது. 1782இல், நம் குடாவில் ஹியூஸும் சுஃப்ரெனும் பீரங்கி வெடித்துக்கொண்டிருந்த அதே ஆண்டில், அவர்கள் கூடித் தமக்கொரு பொதுத் தலைவரைத் தெரிந்துகொண்டனர். அடுத்த ஆண்டு ஆறாம் பத்திநாதர் வாய்மொழியாக மட்டும் சம்மதம் தெரிவித்தார்.

எழுத்துமூலமான அனுமதி கத்தரீனின் மகன் பவுல் கேட்டபின்னரே வந்தது. இந்தப் பவுல் அரசர் விசித்திரமான மனிதர். 1801 சனவரியில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட கொசாக் குதிரைவீரரை, இந்தியாவிலிருந்து ஆங்கிலேயரை விரட்டுங்கள் என்று பாலைவன வழியாக அனுப்பினார். சரியான வரைபடம்கூட அவர்களிடம் இல்லை. மார்ச் 7ஆம் நாள் ஏழாம் பத்திநாதர் ருஷ்யாவில் யேசு சபையை அங்கீகரித்து ஆணை விடுத்தார். அந்த மாதம் முடியுமுன் பவுல் தம் அரண்மனையிலேயே கொலையுண்டார். குதிரைவீரர் பாதி வழியில் திரும்பினர். பவுல் அனுப்பிய படை இந்தியாவை எட்டவில்லை. அவர் கேட்டு வாங்கிய கடதாசியின் பலன் எட்டியது.

பொலொட்ஸ்கின் சுடரிலிருந்து மற்ற நாடுகளில் விளக்குகள் ஏற்றப்பட்டன. இத்தாலியில் புனித பிக்னாத்தெல்லி சூசையப்பர் ருஷ்யச் சபையோடு தம்மை இணைத்துக்கொண்டார். 1805இல் ஐக்கிய அமெரிக்காவில் முன்னாள் யேசு சபைக் குருக்கள் சிலர் ருஷ்யாவிலிருந்த தலைவரின் அனுமதியோடு மறுபடி வார்த்தைப்பாடு கொடுத்தனர். 1814 ஓகஸ்ட் 7ஆம் நாள் ஏழாம் பத்திநாதர் உலகம் முழுவதற்கும் சபையை மீட்டளித்தார். ருஷ்யா இல்லாவிட்டாலும் யாரோ ஒரு பாப்பரசர் என்றோ ஒருநாள் அதைப் புதிதாகத் தொடங்கியிருக்கலாம். ஆனால் பழைய குருவின் கையிலிருந்து இளைய துறவியின் கைக்கு, இடையறாமல் வந்த வாழ்க்கைமுறை அறுந்துபோயிருக்கும்.

1838இல் பிரெஞ்சு யேசு சபையார் மதுரைக்குத் திரும்பி வந்தனர். 1893 ஓகஸ்டில் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் திருகோணமலை மறைமாவட்டத்தை ஏற்படுத்தினார். அதுவரை அமலமரித் தியாகிகள் சபையார் கண்காணித்து வந்த இப்பகுதி பிரெஞ்சு யேசு சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1898இல் முதல் மேற்றிராணியாராக நியமிக்கப்பட்ட லவீஞ் ஆண்டகை, அவருக்குப்பின் வந்த ரொபிசே ஆண்டகை, 1947 முதல் 1974 வரை மேய்ப்பராயிருந்த கிளெனி ஆண்டகை மூவரும் யேசு சபையாரே. இரண்டாம் உலக மகாயுத்தத்தை ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் நியூ ஒர்லியன்ஸ் மாகாண யேசு சபையார் வரத் தொடங்கினர். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் படித்தவர்களுக்கு அவர்களை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கூடைப்பந்தாட்டத்தைப் பயிற்றியவர்கள் அவர்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகளை ஒரே வாங்கில் இருத்திப் படிப்பித்தவர்கள். அவர்களுள் ஒருவரான ஹேபேர்ட் சுவாமியார் 1990 ஓகஸ்ட் 15ஆம் நாள், கலவரத்தின் நடுவே, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டு வழியில் காணாமற்போனார். கூடச் சென்ற இளைஞரும் திரும்பவில்லை.

இவர்கள் யாவரும் இங்கே வந்து சேர்ந்த பாதையைப் பின்னோக்கி நடந்து போனால், அது பொலொட்ஸ்கில் ஒரு கல்லூரி வாசலிலும், அங்கிருந்து கத்தரீன் அரசியின் எழுத்து மேசையிலும் போய் முடிகிறது. அந்த அம்மாளுக்குத் திருகோணமலை மக்களைப்பற்றி ஒரு நினைவும் இருந்திருக்க நியாயமில்லை.

வேற்றுச் சமயத்து மன்னர் கத்தோலிக்கக் குருவுக்கு நிழல் தருவது நம் நாட்டிலும் நடந்ததுதான். பீற்றர் அம்ஸ்ரர்டாமில் உளி பிடித்த அந்த 1697இல், ஒல்லாந்தர் கரையோரமெங்கும் நம் குருக்களைத் தடைசெய்திருந்தனர். அப்போது புனித யோசேப் வாஸ் கண்டியில் பெரியம்மை நோயாளிகளைத் தூக்கிப் பராமரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இடம் கொடுத்தவர் பௌத்த மன்னரான இரண்டாம் விமலதர்மசூரியன். அவரும் முதலில் வாஸ் அடிகளை ஒற்றன் என்று சிறையில் போட்டவர்தான். ஆளைக் கண்ட பின்னர் மனம் மாறினார். கத்தரீனைவிட இந்தக் கண்டி மன்னருக்கே நாம் அதிகம் கடமைப்பட்டவர்கள் என்பது என் எண்ணம். ஏனெனில் அவர் கணக்குப் பார்க்காமல் கொடுத்தார்.

அதே ஊர், வேறு மன்னர்கள்

இவ்விடத்தில் நிறுத்திவிட்டால் கத்தரீனுக்கு மாலை போட்டு முடித்துவிடலாம். ஆனால் கதை முடியவில்லை.

அந்தப் பிரதேசத்தில் இலத்தீன் முறைக் கத்தோலிக்கரைப்போல, கிரேக்க முறையில் வழிபட்டு ரோமாபுரியோடு ஒன்றித்திருந்த கத்தோலிக்கரும் இருந்தார்கள், பெரும்பாலும் குடியானவர்கள். யேசு சபையாருக்கு நிழல் தந்த அதே கத்தரீன், இவர்களை நெருக்கி ஆயிரக்கணக்கில் ஓர்தொடொக்ஸ் சபைக்குள் தள்ளினார். யேசு சபையாரால் அவருக்குப் பள்ளிக்கூட லாபம் இருந்தது; இந்த ஏழைகளால் ஒரு லாபமும் இல்லை. 1783இல் உக்கிரேனின் ஒரு பெரும்பகுதிக் குடியானவர்களை நிலத்தோடு கட்டிப்போட்டுப் பண்ணையடிமைகளாக்கியதும் அவரே.

அவருடைய பேரன் முதலாம் அலெக்சாந்தர், நெப்போலியனை 1812இல் பனியிலும் பசியிலும் தோற்கடித்தவர். முதலில் யேசு சபையாருக்கு ஆதரவாயிருந்தார். பொலொட்ஸ்க் கல்லூரியைப் பல்கலைக்கழகத் தரத்துக்கு உயர்த்தினார். பின்னர், பிரபு குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் கத்தோலிக்கராகவே சினங்கொண்டு, 1815இல் அவர்களைத் தலைநகரிலிருந்தும் 1820இல் நாடு முழுவதிலிருந்தும் வெளியேற்றினார். முந்நூறுக்கு மேற்பட்டோர் மூட்டை கட்டினர். நாற்பத்தேழு ஆண்டு நிழல் ஒரு கையொப்பத்தோடு தீர்ந்தது.

அவர் தம்பி முதலாம் நிக்கலாஸ் காலத்தில், 1839இல், அதே பொலொட்ஸ்கில் ஒரு மாநாடு கூட்டப்பட்டது. அதன் முடிவாகப் பதினைந்து இலட்சம் வரையிலான கிரேக்க முறைக் கத்தோலிக்கர் ஒரே நாளில் ஓர்தொடொக்ஸ் சபையாராகப் பதியப்பட்டனர். மறுத்த குருக்கள் நாடுகடத்தப்பட்டனர். 1861இல் இரண்டாம் அலெக்சாந்தர் இரண்டு கோடிக்கு மேற்பட்ட பண்ணையடிமைகளை விடுதலை செய்தார் என்பதையும் சொல்லிவிடவேண்டும். ருஷ்ய மன்னர் ஒருவர் செய்த காரியங்களுள் அதைவிடப் பெரியது இல்லை. அவரும் 1881இல் குண்டெறிந்து கொல்லப்பட்டார்.

நம் கடலைக் கடந்துபோன படை

கடைசி சார் மன்னரான இரண்டாம் நிக்கலாஸ் இளவரசராயிருந்தபோது, 1891இல், கீழைத்தேயப் பயணத்தின் நடுவே இலங்கைக்கும் வந்தவர். அவர் மறுபடி இலங்கைப் பக்கம் வரவில்லை. வந்தது அவருடைய கப்பற்படை.

1904இல் ருஷ்யாவுக்கும் யப்பானுக்கும் போர் மூண்டது. பால்டிக் கடலிலிருந்த படையை உலகத்தைச் சுற்றிக் கீழ்க்கடலுக்கு அனுப்பினார் நிக்கலாஸ். அக்காலக் கப்பல்கள் நிலக்கரியில் ஓடுபவை. சில நாளுக்கொருமுறை கரி ஏற்றாவிட்டால் நின்றுவிடும். வழியிலிருந்த நல்ல துறைகளோ பிரித்தானியரிடம். பிரித்தானியர் 1902 முதல் யப்பானின் கூட்டாளிகள். ஆகவே 1905 மார்ச் நடுவில் மடகஸ்கரிலிருந்து புறப்பட்ட படை, இந்து சமுத்திரத்தை மூன்று வாரத்துக்கு மேல் எந்தத் துறையிலும் ஒதுங்காமல் கடந்தது. நடுக்கடலிலே கப்பலை நிறுத்தி, படகில் கரி மூட்டைகளை இறக்கி ஏற்றி, கறுத்துப்போன மாலுமிகள் வெயிலில் சுருண்டு விழுந்தனர். திருகோணமலையின் குளிர்ந்த உட்கடல் அவர்களுக்குப் பூட்டிய வீடு. மே 27, 28ஆம் நாட்களில் சூஷிமா நீரிணையில் யப்பானியர் அப்படையை அனேகமாக முழுதும் அழித்தனர். நாலாயிரத்துக்கு மேற்பட்ட ருஷ்ய மாலுமிகள் கடலோடு போயினர். கடலை நம்பி வாழும் நமக்கு அது நெஞ்சைத் தொடும் செய்தி.

அந்தப் போரும் உள்நாட்டுக் கலகமும் சேர்ந்து நிக்கலாஸை உலுக்கின. 1905 ஏப்ரலில் சமய சகிப்பு ஆணை ஒன்றில் ஒப்பமிட்டார். ஓர்தொடொக்ஸ் சபையை விட்டு விலகுவது இனிக் குற்றமன்று என்றது அது. உடனே, பாட்டன் பூட்டன் காலத்தில் பலவந்தமாகப் பதியப்பட்ட குடும்பங்களிலிருந்து சுமார் இரண்டு இலட்சம் பேர் கத்தோலிக்கராகத் திரும்பினர். இரண்டு மூன்று தலைமுறையாக வீட்டுக்குள் இரகசியமாகச் செபமாலை சொல்லிக்கொடுத்த தாய்மாரின் வேலை அது.

1917இல் நிக்கலாஸ் முடிதுறந்தார். 1918 யூலையில் மனைவி மக்களோடு சுட்டுக்கொல்லப்பட்டார். பின்வந்த சோவியத் ஆட்சியாளர்பற்றி இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். அவர்கள் எல்லாச் சமயத்தாரையும் சமமாக நெருக்கினர். அந்த ஒரு விஷயத்தில் சமத்துவம் இருந்தது. ஓர்தொடொக்ஸ் குருக்களும் மேற்றிராணிமாரும் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அமெரிக்க யேசு சபைக் குரு வால்டர் சிசெக் 1941இல் கைதாகி, சிறையிலும் சைபீரிய முகாம்களிலுமாக வருடங்களைக் கழித்து, 1963இல்தான் ஊர் திரும்பினார். 1989 திசம்பர் 1ஆம் நாள் கொர்பச்சொவ் வத்திக்கானுக்கு வந்து இரண்டாம் அருள் சின்னப்பர் பாப்பரசரைச் சந்தித்தபின் கதவு திறந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. கத்தரீன் நிறுவிய செவஸ்தபோலுக்காக மட்டும் சண்டை ஓயவில்லை; 2014இல் ருஷ்யா கிரிமியாவை மறுபடி எடுத்துக்கொண்டது, 2022இல் உக்கிரேன்மீது பெரும்போர் தொடுத்தது.

நம் அளவுகோல்

இப்போது தொடக்கத்தில் வைத்த கேள்விக்கு வருவோம். கத்தரீன் நல்லவரா? யேசு சபையாரைக் கேட்டால் ஆம் என்பார்கள். அவர்கள் நன்றியுள்ளவர்கள். பக்கத்து ஊரில் பலவந்தமாக மதம் மாற்றப்பட்ட குடியானவனைக் கேட்டால் வேறு பதில் வரும். முறையிடவும் வாயில்லாத பண்ணையடிமையைக் கேட்க யாரும் போகவில்லை. நாம் பெற்ற நன்மை உண்மை; அவன் பட்ட துன்பமும் உண்மை. முன்னதைச் சொல்லிப் பின்னதை மறைத்தால் அது சரித்திரமாகாது.

இது ருஷ்யாவுக்கு மட்டும் உரிய கணக்காக இருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். போர்த்துக்கேயரைப்பற்றி நம் வீடுகளில் எப்படிப் பேசுகிறோம்? அவர்கள் காலத்தில் நமக்கு விசுவாசம் வந்தது என்கிறோம்; ஒல்லாந்தர் நம்மைத் துன்புறுத்தினர் என்கிறோம்; 1806இல் ஆங்கிலேயர் அந்தத் தடைச்சட்டங்களை நீக்கினர் என்கிறோம். எல்லாம் சரி. ஆனால் 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு தெ சா காலத்தில் சுவாமி மலையிலிருந்த கோணேசர் கோயில் இடிக்கப்பட்டது. அதன் கற்களைக்கொண்டே கோட்டை கட்டப்பட்டது. நம் பக்கத்து வீட்டு இந்து அன்பர் போர்த்துக்கேயர் என்ற சொல்லைக் கேட்கும்போது அதைத்தான் நினைக்கிறார். ஒரே அரசு, ஒரே தளபதி. நமக்கு ஒரு நினைவு, அவருக்கு ஒரு நினைவு. நம் பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லிக்கொடுத்திருக்கிறோமா?

1950இல் பட்டினத்தில் கிணறு வெட்டும்போது, இடிப்புக்கு முன் மறைத்துப் புதைக்கப்பட்ட செப்புத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. கோயில் மறுபடி கட்டப்பட்டு 1963இல் குடமுழுக்கு நடந்தது. பிரெட்ரிக் கோட்டை வாசலில் இரட்டைக் கயலும் பழைய தமிழ் எழுத்தும் பொறித்த கல் இன்னும் சுவரோடு சுவராக நிற்கிறது. கோயிலுக்குப் போகிறவர்கள் அதைக் கடந்துதான் உள்ளே போகிறார்கள்.